சோலெங்கின் தொண்டை

சான் அலெஹோவில் ஒரு பண்டம் ஊசிப்போயிருந்தால் ஊசிப்போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "லேசாப் புளிக்குதோ என்னவோ" என்பார்கள். அதையும் தாலாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்துச் சொல்வார்கள். இலோய்லோ பக்கத்துப் பேச்சே அப்படித்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கிற வீட்டு வாசலில் நின்று கேட்டால் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அரிவாளை ஓங்கினால்தான் இவர்களுக்குக் கோபம் வந்தது தெரியும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வதில் பாதியாவது உண்மை.

இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சோலெங். பிறந்து வளர்ந்தது பத்தாங்காஸில். அங்கே ஒருத்தி "சாப்பிட்டியா?" என்று கேட்டால் அடுத்த தெரு நாய் எழுந்து நிற்கும். சோலெங்கின் அம்மா துறைமுகத்தில் லோமி கடை வைத்திருந்தாள். லோமி என்றால் தடித்த நூடுல்ஸ், அதைவிடத் தடித்த குழம்பு. கப்பலில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற டொமெங், இலோய்லோக்காரர், ஒருநாள் அங்கே சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்றார். அவர் சொன்ன தொனியில் அது பாராட்டு என்று நினைத்து சோலெங் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். அதையும் சாப்பிட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் அது புகார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்புறம் ஏன்யா ரெண்டாவது கிண்ணத்தையும் தின்ன?"

"நீ கொண்டாந்து வச்சியே."

அவ்வளவுதான் டொமெங். கப்பல் வேலையை விட்டதும் இருவரும் சான் அலெஹோவில் குடியேறினார்கள். முனிசிப்பல் ஆபீஸுக்கு எதிரே, ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளின் நிறுத்தத்தில், சோலெங் லோமி கடை போட்டாள். பட்சோய் என்கிற நூடுல்ஸ் சூப்புக்குத் தெருவுக்கு நாலு கடை இருக்கிற ஊர் அது. பட்சோய் பிறந்த மண்ணில் பத்தாங்காஸ் லோமி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் விற்றாள். லோமிக்காகப் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் அவள் திட்டுவதைக் கேட்க வந்தார்கள். ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் ஒருத்தி சொல்கிறாள் என்றால் கேட்கச் சுகமாகத்தானே இருக்கும்.

முனிசிப்பல் ஆபீஸ் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குக் கொண்டுவர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். கடை உரிமம் புதுப்பிப்பது, பிறப்புச் சான்றிதழ், முதியோர் அட்டை எல்லாம் இனி வீட்டிலிருந்தே என்றார்கள். அந்த வேலைக்கு ஒரு சின்ன அறையையும் ரோடலின் என்ற பெண்ணையும், நிரல் எழுத எர்வின் என்ற பையனையும் கொடுத்தார்கள். பக்கங்கள் எப்படி இருந்தால் ஜனங்களுக்குச் சுலபம் என்று யோசிப்பது ரோடலினின் வேலை. ஒரு பக்கம் தயாரானதும் ஊர்க்காரர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்ப்பாள்.

ஒருவரும் விழவில்லை. வலைபோடும் கிழவர் ஒருவர் வெறும் படத்தைப் பொத்தான் என்று நினைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப அழகா இருக்கு, இண்டாய்" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டு, கூப்பிட்டதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். வந்த எல்லோருக்கும் எல்லாமே அழகாக இருந்தது. பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் நின்ற வரிசை ஒரு ஆள்கூடக் குறையவில்லை.

"ஊரே நல்லா இருக்குன்னு சொல்லிச்சே!" என்று எர்வின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ரோடலினுக்காவது இது புரிந்திருக்க வேண்டியது. அவளும் இந்த ஊர்ப் பெண்தான். பல் டாக்டர் குடையும்போது "வலிக்கல டாக்டர்" என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறவள். ஆனால் படிப்பு சொல்லிக்கொடுத்த இடத்தில் ஜனங்கள் குறை சொல்வார்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு மதியம் லோமி சாப்பிடப் போனாள். சோலெங் ஒரு கையில் கரண்டியும் மறுகையில் போனுமாக நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரைத்தான் போட்டாச்சே! மறுபடியும் பேரைப் போடுங்குது. நேத்து ராத்திரிக்கும் இன்னிக்குக் காலைக்கும் நடுவுல நான் என்ன வேற பொம்பளையா ஆயிட்டேனா? எழுத்தைப் பாரு, அரிசி கழுவுன தண்ணியில எழுதினாப்ல! ஒரு கிண்ணம் ஊத்திக் குடுத்துட்டுத் திரும்பினா 'நேரம் முடிஞ்சது'ங்குது. எவன்டா இதைச் செஞ்சவன்? அவன் கடை வச்சிருக்கானா? அடுப்பு பத்தவச்சிருக்கானா?"

ஜீப்னி ஓட்டுநர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோடலினின் லோமி ஆறிப்போயிற்று. அவள் எழுந்து போய், "மனாங், இதையே எங்க ஆபீஸுக்கு வந்து சொல்றீங்களா?" என்றாள். அந்த ஊரில் அக்கா என்பதற்கு மனாங், அண்ணன் என்பதற்கு மனோங்.

"எதுக்கு? போலீஸ்ல புடிச்சுக் குடுக்கவா?"

"இல்ல மனாங். இதே மாதிரி திட்டணும். அதுக்குத்தான்."

"அலா எ!" என்றாள் சோலெங். பத்தாங்காஸ்காரர்கள் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். "திட்டுறதுக்கு முனிசிப்பல்ல ஆள் எடுக்கிறீங்களா? எங்க ஊர்ல ஓசியிலேயே கெடைக்குமே!"

அப்படித்தான் சோலெங் ஆபீஸ் படி ஏறினாள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் போவாள். மூன்றாவது நாற்காலி அவளுடையது. 'எப்படி இருக்கு?' என்று ரோடலின் அவளைக் கேட்டதே இல்லை. "இதுல உரிமத்தைப் புதுப்பிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். மீதியை சோலெங் பார்த்துக்கொள்வாள். வெளிறிய எழுத்து கறுப்பாகிப் பெரிதானது. பாதியில் விட்டுப்போன மனு மறுநாள் வந்தாலும் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. ஒருமுறை சொன்ன பெயரை இரண்டாம் முறை கேட்பது நின்றது. எர்வினுக்குத்தான் உயிர் போயிற்று.

"ஆனா மனாங், கடைக்காரங்களுக்கு இது புடிக்கும்னு நான் நினைச்சேன்."

"நீ நினைச்சியா? நீ ஏன்டா நினைக்கிற? கடைக்காரி நான் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். என்னைக் கேக்காம எனக்கு என்ன வேணும்னு நீயே முடிவு பண்ணிட்டா, அப்புறம் நான் எதுக்கு, என் வாய் எதுக்கு?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சான் அலெஹோவில் அந்த ஒரு வாயால் ஊரே பிழைத்தது. ஆபீஸ் வரிசை நிழலுக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கியது. யாரால் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. திட்டுவதற்குக் கூப்பிடுகிறார்களே, அதுவே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது டொமெங் விழுந்தார். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையை நுழைத்தபடியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது. வலது கையும் காலும் தங்கவில்லை, பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் புரிந்தது, பதில்தான் வரவில்லை. முதல் சில மாதங்களில் பயிற்சி கொடுத்தால் கொடுத்த அளவுக்குத் திரும்பும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சோலெங் பயந்துபோனாள். ஆனால் பயத்தைக் காட்டுகிற குரல் அவளிடம் கிடையாது, இருந்தது அந்த ஒரே குரல்தான். காலையில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, வாளி வைத்து, எல்லாவற்றையும் அந்தக் குரலிலேயே செய்தாள்.

"தூக்குய்யா, இடுப்பைத் தூக்கு! இன்னிக்கும் இறங்கலையா? நேத்தும் போகலையே! ஆ, வந்துருச்சு, வந்துருச்சு! இரு, துணியை எடுக்கிறேன், எல்லாம் நனைஞ்சுபோச்சு பாரு!"

அந்தக் குரலுக்குத் தகரக் கூரையும் பலகைச் சுவரும் ஒரு தடையா? பக்கத்து வீட்டு லூர்தெஸ் நல்ல மனுஷி. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "மனாங், மனோங் டொமெங்குக்கு இன்னிக்கு ஆச்சா?" என்று தேனாகக் கேட்பாள். ஆகவில்லை என்றால் பழுத்த பப்பாளி கொண்டுவந்து கொடுப்பாள். கடைக்கு வருகிற ஓட்டுநர்கள்கூட விசாரித்தார்கள். டொமெங் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று சோலெங் ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டாள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு பயிற்சியாளர். மனுப் போட்டால்தான் முறை வரும். அந்தப் பக்கம் ரோடலினின் அறையில் செய்ததல்ல, யாரோ வெளியூர் ஆட்கள் செய்து கொடுத்தது. நோயாளியே மனுச் செய்ய வேண்டும் என்றது. ஆள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க, திரையில் வருகிற எண்களைக் கேமராவைப் பார்த்து உரக்கப் படிக்கச் சொன்னது. பேச்சுப் போனவனுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் முதலில் பேசிக் காட்ட வேண்டுமாம். இதை எழுதிய புண்ணியவான் எந்த ஊரோ தெரியவில்லை.

சோலெங் என்ன செய்வாள்? போனை டொமெங்கின் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, தலையணைக்குப் பின்னால் குனிந்துகொண்டு, தொண்டையைச் செருமி எண்களைப் படித்தாள். ஆண் குரலுக்கு அது தாராளமாகப் போதும். பக்கம் ஏற்றுக்கொண்டது. எதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு 'பேச்சு' என்று அவளே போட்டாள். 'நானே விண்ணப்பிக்கிறேன்' என்ற கட்டத்தில் அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். அதற்குக் கீழே, பொய்யான தகவலுக்குச் சட்டப்படி தண்டனை உண்டு என்று எழுதியிருந்ததை அழுத்திய பிறகுதான் பார்த்தாள்.

சில நாளில் சுகாதாரப் பிரிவிலிருந்து போன் வந்தது. டொமெங்கிடம் பேச வேண்டும் என்றார்கள். அவள் பதறிப்போய்த் துண்டித்தாள். மனு தானாக ரத்தானது. மறுபடி போட்டாள், மறுபடி போன் வந்தது, மறுபடி துண்டித்தாள். தன்னைச் சிறையில் போட்டால் இந்த மனுஷனை யார் தூக்குவார்கள் என்பதுதான் அவள் கவலை. இதற்கிடையே டொமெங்கின் வலது கை விரல்கள் உள்ளே மடங்க ஆரம்பித்தன.

அந்த வாரம் ரோடலின் அவளை அழைத்தாள். வெளியூர் ஆட்கள் செய்த பக்கங்களையும் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது அந்த அறைக்கே வந்துவிட்டது. போனைக் கொடுத்து, "இதுல ஒரு மனுப் போட்டுக் காட்டுங்க மனாங்" என்றாள். திறந்தால் அதே பக்கம்.

சோலெங் எங்கேயும் நிற்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாதை. எண்கள் வருகிற இடத்தில் ஒரு நொடி தயங்கினாள், பிறகு படித்தாள். முடித்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

எர்வின் துள்ளிக் குதித்தான். "மனாங் வாயாலேயே நல்லா இருக்குன்னு வந்துருச்சு! இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டணும்!"

ரோடலின் சிரிக்கவில்லை. சோலெங் தோளில் கிடந்த துண்டின் முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். குழம்பு அடுப்பில் இல்லை. அன்று கடையே திறக்கவில்லை.

மறுநாள் ரோடலின் லோமி கடைக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்தாள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "மனாங், நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதை நான் நம்பல. எங்க ஊர்க்காரங்க அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு நீங்கதானே எனக்குக் கத்துக்குடுத்தீங்க" என்றாள்.

சோலெங் கரண்டியைப் பானைக்குள் எறிந்தாள்.

"நல்லா இல்ல! நாசமாப் போற பக்கம் அது! வாய் செத்தவனை நம்பரைப் படிங்குது. நான்தான் படிச்சேன், நான்தான் அவர் கையைப் புடிச்சு அழுத்தினேன். போய்ச் சொல்லு, புடிச்சுட்டுப் போகச் சொல்லு! ஆனா முதல்ல அவருக்கு ஆளை அனுப்பிட்டு என்னைப் புடிக்கச் சொல்லு!"

சொல்லிவிட்டு அழுதாள். அழுகையும் அதே சத்தத்தில்தான் வந்தது. எதிரே ஆபீஸ் காவலாளி எட்டிப்பார்த்தார்.

"மனாங்," என்றாள் ரோடலின், "இது மாதிரி ஊர்ல இன்னும் எத்தனை வீட்ல தலையணைக்குப் பின்னாடி படிக்கிறாங்களோ. ஒருத்தரும் எங்ககிட்ட வந்து சொல்லலையே."

அன்றே அவள் சுகாதாரப் பிரிவுக்குப் போனாள். கெஞ்சினாளா, சண்டை போட்டாளா என்று கேட்டவர்களுக்கே தெரியாது, அந்த ஊர்ப் பேச்சு அப்படி. ஆனால் எண் படிக்கிற பக்கம் போயிற்று. 'யாருக்காக விண்ணப்பிக்கிறீர்கள்?' என்ற கேள்வி முதலில் வந்தது. வீட்டிலிருப்பவர் உதவலாம், மறைக்க வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்து உறுதி செய்வார். எதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் எழுத்துக்குப் பதில் பெரிய படங்கள் வந்தன, விரல் நகர்ந்தால் போதும்.

புதிய பக்கத்தைத் திறந்துவிடும் முன் ரோடலின் சோலெங் வீட்டுக்கு வந்தாள். சோலெங் காப்பி போட்டு வைத்திருந்தாள், பத்தாங்காஸ் காப்பி, குடித்தால் இரண்டு நாள் தூக்கம் வராது. ரோடலின் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மனாங்" என்று கோப்பையை ஓரமாக வைத்தாள். போனை ஒரு தாங்கியில் பொருத்தி டொமெங்கின் இடது கைப்பக்கம் நிறுத்தினாள்.

"மனோங், இது சரியா வேலை செய்யுதான்னு பாக்க வந்திருக்கேன். எங்கயாவது சிக்கிச்சுன்னா அது பக்கத்தோட தப்பு, உங்களோடது இல்ல."

"அவரை ஏன் கஷ்டப்படுத்துற? நான் சொல்றேன். பேச்சு வேணும். அந்த வாய்ப் படத்தை அழுத்து" என்று சோலெங் கையை நீட்டினாள்.

"அவரே அழுத்தட்டும், மனாங்."

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு அவர் மனசு தெரியாதா?"

"தெரியும் மனாங்," என்றாள் ரோடலின் குழைவாக. "கடைக்காரங்க மனசு தனக்குத் தெரியும்னு எர்வின் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

சோலெங் கையை இழுத்துக்கொண்டாள்.

திரையில் ஆறு படங்கள். பேசுகிற வாய், நடக்கிற கால், கரண்டி பிடித்த கை, சட்டைப் பொத்தான் போடுகிற விரல், வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்திருக்கும் ஆள், கழிப்பறைக் கதவு. டொமெங் வெகுநேரம் பார்த்தார். இடது கை மெதுவாக வந்தது. வாயைத் தாண்டி, காலைத் தாண்டிப் போய்க் கழிப்பறைக் கதவின்மேல் நின்றது.

"கை தவறிடுச்சு," என்றாள் சோலெங். "இடது கை அவருக்குப் பழக்கமில்ல."

ரோடலின் படங்களை இடம் மாற்றிப்போட்டு மறுபடி காட்டினாள். விரல் இம்முறை நேராக அந்தக் கதவுக்கே போனது.

"ஏன்யா?" என்றாள் சோலெங். "பேச்சு வேணாமா உனக்கு? நான் உன்னைத் தூக்கிவிடறதைப் பாரம்னு ஒரு நாளாவது சொன்னேனா? அருவருப்புப் பட்டேனா?"

டொமெங் இல்லை என்று தலையசைத்தார். இடது கையைத் தூக்கிப் பலகைச் சுவரைக் காட்டினார். லூர்தெஸ் வீட்டுப் பக்கத்துச் சுவர். பிறகு தன் காதைத் தொட்டார். தொட்ட கையால் கண்களை மூடிக்கொண்டார்.

சோலெங்குக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.  தினமும் காலையில் தான் சொன்னதெல்லாம், இறங்கவில்லை, வந்துவிட்டது, நனைந்துவிட்டது என்று ஒவ்வொன்றும், தன் குரலிலேயே அவள் காதில் திரும்ப ஓடியது. பப்பாளியும் ஓட்டுநர்களின் விசாரிப்பும் ஜன்னல் திரையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவளுக்கு அப்படி வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமும் உரக்கப் பேசியதற்கு அவள் வெட்கப்பட்டதே இல்லை. தன்னை யாரும் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் கத்தியவள், பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு இருந்த காலத்தில் சொல்லியிருந்தாலும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பார், தன் காதில் விழுந்திருக்காது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அடுத்த பக்கம் போகலாமா, மனோங்?" என்றாள் ரோடலின்.

டொமெங் பெண்டாட்டியைப் பார்த்தார். சோலெங் இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரே அழுத்தினார். பயிற்சியாளர் வியாழக்கிழமை வருவதாகப் பதில் வந்தது.

மறுநாள் காலை சோலெங் ஜன்னலைச் சாத்தினாள். அவரைத் தூக்கினாள், துடைத்தாள், வாளியை வைத்தாள், துணியை மாற்றினாள். அவரைத் தூக்குவதைவிட வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. இரண்டு தடவை வார்த்தை பல்வரை வந்து திரும்பியது. டொமெங் அன்று முகத்தைத் திருப்பவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. லூர்தெஸ், கையில் பப்பாளியோடு, பயந்த முகத்தோடு நின்றாள்.

"என்னாச்சு மனாங்? சத்தமே காணோமே! மனோங் டொமெங்குக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு."

லூர்தெஸுக்கு உயிர் வந்தது. "அப்பாடா! இன்னிக்கு ஆச்சா?"

சோலெங் வாசற்படிக்கு வெளியே வந்து கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"அது அவரு விஷயம், லூர்தெஸ்" என்றாள். லூர்தெஸ் குனிந்து காது கொடுத்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.